ஆடிக்காற்றில் ஹைட்ரஜன், டர்பைனில் நாக்ஸ்

"மகேந்திரகிரியில ஹைட்ரஜனத்தான எரிக்காங்க, தண்ணிதான வருது. அதையே கேஸ் டர்பைன்ல எரிச்சா கரண்டு. புகையே கிடையாதுல்லா?" ஹைட்ரஜன் பேச்சு எழும்போதெல்லாம் நாகர்கோவிலிலும் ஆரல்வாய்மொழியிலும் இந்த வாதம் தவறாமல் வந்துவிடுகிறது. சொல்பவர்கள் விவரமில்லாதவர்கள் அல்லர்; காற்றாலைப் பராமரிப்பில் இருப்பவர்கள், பாலிடெக்னிக் முடித்தவர்கள், பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுப்பவர்கள். முப்பந்தலைச் சுற்றிச் சுமார் 1,500 மெகாவாட் காற்றாலை நிற்கிறது. ஆனி, ஆடியில் காற்று கணவாயைப் பிளந்துகொண்டு வரும்போது கிரிட்டில் இடமில்லாமல் இறக்கைகளைத் திருப்பி நிறுத்தும் நேரங்களும் உண்டு. அந்த மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்துவைத்து, காற்றில்லாத மாதத்தில் டர்பைனில் எரிக்கலாமே என்ற ஆசை இந்த மண்ணில் இயல்பாகவே முளைக்கும். ஆசை நியாயமானது. ஆனால் "தண்ணீர் மட்டும்தான் வரும்" என்ற அந்த ஒரு வரி திரும்பத் திரும்ப உறுத்துகிறது. அதை அப்படியே விட்டுவிட்டால் அதன்மேல் கட்டும் திட்டம் எல்லாமே கோணலாகிவிடும்.

மகேந்திரகிரி உதாரணம் டர்பைனுக்குப் பொருந்தாது. அங்குள்ள இஸ்ரோ மையத்தில் சோதிக்கப்படும் சிஇ-20 ராக்கெட் இன்ஜினில் திரவ ஹைட்ரஜனோடு சேர்வது திரவ ஆக்சிஜன், காற்றல்ல. ஒரு கிலோ ஹைட்ரஜன் முழுதாக எரிய எட்டு கிலோ ஆக்சிஜன் வேண்டும். அந்த இன்ஜினுக்குக் கொடுப்பது ஐந்து கிலோ அளவில்தான். ஆகவே வெளியே வருவது நீராவியும் எரியாமல் மிஞ்சிய ஹைட்ரஜனும். எரியறைக்குள் நைட்ரஜனுக்கு இடமே இல்லை. கேஸ் டர்பைன் இதற்கு நேர்மாறு. அது காற்றை விழுங்கித்தான் வாழ்கிறது, அந்தக் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். கம்ப்ரசர் அதை 15, 20 மடங்கு அழுத்தி, 400 டிகிரிக்கு மேல் சூடாக்கி எரியறைக்குள் தள்ளும்போது, அங்கே ஹைட்ரஜன் சுடர் 2,000 டிகிரியைத் தாண்டி எரிந்தால் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கைகோத்துக்கொள்ளும். பிறப்பது நைட்ரிக் ஆக்சைடு. வெளியே போய் நைட்ரஜன் டை ஆக்சைடாகி, வெயிலில் ஓசோனுக்கும் மழையில் அமிலத்துக்கும் வழி வைக்கும். இரண்டையும் சேர்த்து நாக்ஸ் என்கிறோம். எரிபொருளில் கார்பன் இருக்கிறதா இல்லையா என்பது இதற்கு ஒரு பொருட்டே இல்லை. சூடு, அந்தச் சூட்டில் வாயு தங்கும் நேரம், கிடைக்கும் ஆக்சிஜன், இவ்வளவுதான் கணக்கு.

சூட்டின் பங்கு நேர்கோட்டில் ஏறுவதில்லை. சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வரை நாக்ஸ் மெல்லத்தான் உருவாகும். அதைத் தாண்டியதும் ஒவ்வொரு நூறு டிகிரிக்கும் பல மடங்காகப் பெருகும். நைட்ரஜன் மூலக்கூறின் இரண்டு அணுக்களையும் இறுக்குவது மும்மைப் பிணைப்பு, அதைப் பிரிக்கத்தான் அவ்வளவு சூடு. சோவியத் அறிவியலாளர் செல்டோவிச் 1940களில் எழுதிவைத்த வினைச்சங்கிலிதான் இன்றும் ஒவ்வொரு எரியறை வடிவமைப்பிலும் பயன்படுகிறது.

இதற்கு எதிர்ப்புறம் இன்னொரு பேச்சும் உண்டு. "ஹைட்ரஜன் என்றாலே நாக்ஸ் பல மடங்கு, ஆகவே டர்பைனில் எரிக்கவே கூடாது" என்பது. இதுவும் பாதி உண்மைதான். பழைய பாணிப் பர்னரில், அதாவது எரிபொருள் தனி, காற்று தனி என்று விட்டு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் எரியவைக்கும் முறையில், ஹைட்ரஜன் உண்மையிலேயே மோசம். மீத்தேனைவிடச் சுடர் சுமார் 150 டிகிரி கூடுதல் சூடு. அதைத் தணிக்கத் தண்ணீரோ நீராவியோ பீய்ச்ச வேண்டும். ஆனால் முன்கூட்டியே காற்றோடு கலந்து, தேவைக்கு மேல் காற்றைக் கொடுத்து எரித்தால் கதை மாறுகிறது. எந்தக் குணத்துக்காக ஹைட்ரஜனைக் கண்டு பயப்படுகிறோமோ அதே குணம் இங்கே உதவிக்கு வருகிறது. மீத்தேன் சுடர், தேவையான காற்றைப்போல் இரண்டு மடங்கு வந்தாலே தடுமாறி அணையப் பார்க்கும். ஹைட்ரஜன் மூன்று மடங்குக் காற்றிலும் நின்று எரியும். அவ்வளவு காற்று கலந்தால் சூடு இறங்கும். சூடு இறங்கினால் நாக்ஸ் இறங்கும். போதாததற்கு, குறைந்த லோடில் மீத்தேனை மேலும் மெலிக்கவிடாமல் தடுக்கும் கார்பன் மோனாக்சைடுத் தொல்லையும் ஹைட்ரஜனுக்கு இல்லை. ஒரே சுடர் வெப்பநிலையில், நன்றாகக் கலந்த ஹைட்ரஜன் ஏறக்குறைய மீத்தேன் அளவு நாக்ஸைத்தான் தரும். பிரச்சினை முழுதும் அந்த "நன்றாகக் கலந்த" என்பதில் இருக்கிறது.

ஒரு பர்னருக்குள்

டர்பைன்களில் பரவலாக இருக்கும் ப்ரீமிக்ஸ், அதாவது முன்கலப்புப் பர்னர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுவில் பைலட் என்ற சிறு துணைச்சுடர். அதைச் சுற்றிச் சாய்வான தகடுகள், காற்றைச் சுழற்றிவிட. தகடுகளின் முதுகிலோ விளிம்பிலோ சிறு துளைகள், அவற்றின் வழியே எரிவாயு. அதற்கு அப்பால் ஒரு வளையப் பாதை, அங்கே காற்றும் வாயுவும் கலந்தபடி நொடிக்கு 50 மீட்டருக்கு மேலான வேகத்தில் ஓடும். பாதை முடிந்து அகலமான எரியறை தொடங்கும் இடத்தில் சுடர் உட்கார்ந்திருக்கும். மீத்தேனுக்கு இந்த ஏற்பாடு பல பத்தாண்டுகளாக ஒழுங்காக வேலை செய்கிறது; ஒற்றை இலக்க பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை நாக்ஸை இறக்கிய இயந்திரங்கள் இருக்கின்றன. இதே பாதையில் ஹைட்ரஜனை விட்டால் என்ன ஆகும்?

அமைதியான காற்றுக் கலவையில் மீத்தேன் சுடர் நொடிக்கு 0.4 மீட்டர் வேகத்தில் நகரும். ஹைட்ரஜன் சுடர் 3 மீட்டர் வரை. 50 மீட்டர் வேகக் காற்றுக்கு முன்னால் 3 என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஆனால் காற்று எல்லா இடத்திலும் 50 மீட்டரில் ஓடுவதில்லை. சுவரை ஒட்டி அது பூஜ்யம்தான். மீத்தேன் சுடரிலிருந்து பர்னரைச் சுவரே காப்பாற்றிக்கொடுக்கும். உலோகம் சூட்டை உறிஞ்சுவதால், சாதாரண அழுத்தத்தில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளிக்குள் அந்தச் சுடரால் நுழைய முடியாது. ஹைட்ரஜனுக்கு அந்த எல்லை 0.6 மில்லிமீட்டர். 20 மடங்கு அழுத்தத்தில் இன்னும் சுருங்கும். ஆக, காற்று மெதுவாக ஓடும் அந்த மெல்லிய ஓரப் படலத்தைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் சுடர் எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறிவிடும். இன்னொரு வழி சுழலின் நடுவே. அங்கே இருக்கும் அழுத்தக்குறைவில் சுடர் மூக்கை நுழைத்து, தானே சுழலைக் கலைத்துக்கொண்டு உள்ளே போகும். இதைத்தான் ஃப்ளாஷ்பேக் என்கிறோம். 400 டிகிரி காற்றுக்காகச் செய்த நாசில், சுடருக்குள் மாட்டிக்கொண்டால் நொடிக்கணக்கில் உருகத் தொடங்கும். உருகிய துண்டு கீழே போய் டர்பைனின் முதல் வரிசை நிலைத்தகடுகளில் அடித்தால், பர்னரோடு போயிருக்க வேண்டிய செலவு டர்பைன் முழுதுக்கும் பரவிவிடும். அதனால்தான் பர்னர் முனைக்குள்ளேயே தெர்மோகப்பிள் பதிக்கிறார்கள். அதில் வெப்பநிலை திடீரென்று எகிறினால் ஒரு நொடிக்குள் ஹைட்ரஜனை வெட்டி இயற்கை எரிவாயுவுக்குத் திரும்ப வேண்டும், இல்லையென்றால் டர்பைனையே டிரிப் செய்து நிறுத்த வேண்டும்.

ஃப்ளாஷ்பேக்குக்குப் பயந்து கலக்கும் பாதையைச் சுருக்கினால், கலவை அரைகுறையாகும். நாக்ஸ் அங்கேதான் பழிவாங்கும். சுடரில் பாதி 1,400 டிகிரியிலும் பாதி 1,600 டிகிரியிலும் எரிந்தால் சராசரி 1,500 என்று காகிதத்தில் வரும். நாக்ஸோ அந்த 1,600 பாதியில்தான் ஏறக்குறைய முழுதும் உருவாகியிருக்கும். ஹைட்ரஜனில் இது இன்னும் கூடுதல் சிக்கல். அதன் மூலக்கூறு மிக இலேசானது, மற்ற வாயுக்களை முந்திக்கொண்டு ஓடும். சுடர் முன்னோக்கிப் புடைக்கும் இடங்களில் எரிபொருள் தானாகவே வந்து குவிந்து, அங்கே மட்டும் சூடு சராசரிக்கு மேல் ஏறும். வரைபடத்தில் சீராகக் கலந்திருந்த கலவை சுடரில் சீராக இருப்பதில்லை.

இந்தக் கட்டத்தில்தான் வடிவமைப்பாளர்கள் பெரிய பர்னரைக் கைவிட்டார்கள். என் பார்வையில் ஹைட்ரஜன் டர்பைன் வரலாற்றின் திருப்பம் இதுதான். பெரிய சுடர் ஒன்றுக்குப் பதிலாக, மில்லிமீட்டர் அளவுச் சுடர்கள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில். ஜெர்மனியின் ஆகன் நகரப் பொறியியல் கல்லூரி நெடுங்காலம் ஆராய்ந்த மைக்ரோமிக்ஸ் முறையில் முன்கலப்பே கிடையாது. காற்று ஓடும் சிறு சந்துக்குள் குறுக்காக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை வழியே ஹைட்ரஜன் பாயும். பாய்ந்த இடத்திலேயே கலந்து, அங்கேயே எரிந்து முடிந்துவிடும். முன்கலந்த வாயு தேங்கும் இடமே இல்லாததால் சுடர் பின்வாங்கிப் போகவும் இடமில்லை. சுடர் குட்டையாக இருப்பதால் அந்தக் கொடுஞ்சூட்டில் வாயு தங்கும் நேரமும் குறைவு. கவாசாகி நிறுவனம், ஜப்பானின் கோபே துறைமுகத் தீவில் ஒரு மெகாவாட் அளவு டர்பைனை ஓட்டியது. 2018-ல் 100 சதவீத ஹைட்ரஜன், ஆனால் பழைய பாணிப் பர்னரில் தண்ணீர் பீய்ச்சி. 2020-ல் மைக்ரோமிக்ஸ் பர்னரில், தண்ணீரே இல்லாமல். 2023-ல் பிரான்சின் ஒரு காகித ஆலையில் சீமென்ஸ் எனர்ஜியின் எஸ்ஜிடி-400 டர்பைன் 100 சதவீத ஹைட்ரஜனில் ஓடியது. மிட்சுபிஷி தன் பெரிய இயந்திரங்களுக்குச் சிறு குழாய்க் கொத்துகளாகப் பர்னர் செய்கிறது.

இவற்றைப் படித்துவிட்டு "தீர்ந்தது" என்று நினைத்துவிடக் கூடாது. சிறு டர்பைனில் எரியறை வெப்பநிலை குறைவு, ஆகவே நாக்ஸை அடக்குவது எளிது. 1,600 டிகிரியில் வேலை செய்யும் பெரிய டர்பைனில் கலவை எவ்வளவு சீராக இருந்தாலும் சூடே நாக்ஸ் பெருகும் எல்லைக்குள் நிற்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துளைகள் துருவிலும் வெல்டிங் துகளிலும் அடைத்துக்கொள்ளும். நான்கு துளை அடைத்தால் பக்கத்துத் துளைகளில் எரிபொருள் கூடி, அங்கே சூட்டுப்பொட்டு விழும். சுடர் குட்டையாகும்போது எரியறையின் ஒலி அதிர்வும் மாறும். தாழ்ந்த உறுமலுக்குப் பதில் கீச்சிடும் உயர் அதிர்வு வந்து லைனர் எனும் எரியறை உள்தகட்டில் விரிசல் விழவைக்கும்.

பிபிஎம் என்ற கோல்

நாக்ஸ் அளவை பிபிஎம்மில் சொல்வது வழக்கம். புகையிலிருந்து நீராவியை நீக்கிவிட்டு, ஆக்சிஜன் 15 சதவீதம் இருப்பதாகத் திருத்திக்கொண்டு எழுதுவது. இந்தியாவிலும் கேஸ் டர்பைன் வரம்புகள் இந்த 15 சதவீத அடிப்படையில்தான். மீத்தேனையும் மீத்தேனையும் ஒப்பிட இந்தக் கோல் போதும். ஹைட்ரஜனையும் மீத்தேனையும் ஒப்பிட்டால் கோலே பொய் சொல்லும். ஒரு மெகாஜூல் வெப்பத்துக்கு மீத்தேன் தேவையான காற்றில் மட்டும் எரிந்தால், நீராவி நீக்கிய புகை 10.6 மோல். ஹைட்ரஜன் எரிந்தால் 7.8 மோல்தான், ஏனென்றால் அதன் புகையில் நீராவியின் பங்கு கூடுதல், அதைத்தான் கழித்துவிட்டோமே. இரண்டிலும் ஒரே கிராம் நாக்ஸ் உருவாகியிருந்தாலும், குறைந்த புகையில் பங்கு போடுவதால் ஹைட்ரஜன் பக்கம் 37 சதவீதம் கூடுதலாகத் தெரியும். மீத்தேனில் 25 பிபிஎம் என்றால், அதே கிராம் நாக்ஸ் ஹைட்ரஜனில் 34 பிபிஎம்.

இது சின்ன விஷயமில்லை. 34-ஐ 25-க்கு இறக்க வேண்டுமென்று பர்னரை மேலும் மெலிக்கவோ சூட்டைக் குறைக்கவோ போனால் செயல்திறன் போகும். மறுபக்கம், "கோல் பொய் சொல்கிறது" என்பதைச் சாக்காக வைத்து உண்மையிலேயே அதிகமான நாக்ஸை மறைக்கவும் ஆள் வருவார்கள். இரண்டையும் தடுக்க ஒரே வழி, வரம்பை ஒரு மெகாஜூலுக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுவது. டெண்டர் எழுதுகிறவர்கள் இன்றே இதைச் செய்யலாம், சட்டம் மாறக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதே போன்ற இன்னொரு ஏமாற்று, "30 சதவீத ஹைட்ரஜன் கலப்பு" என்ற விளம்பரம். அது கன அளவில் 30. ஒரு கன மீட்டர் ஹைட்ரஜனில் இருக்கும் வெப்பம் 10.8 மெகாஜூல், மீத்தேனில் 35.8. கணக்குப் போட்டால் 30 சதவீதக் கலப்பு குறைப்பது 11 சதவீதம் கார்பன் டை ஆக்சைடைத்தான். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2022-ல் ஒரு பெரிய டர்பைனில் 20 சதவீதம் கலந்து ஓட்டியபோது கார்பன் 7 சதவீதம் குறைந்தது. கணக்கும் அதையேதான் சொல்கிறது. கார்பனைப் பாதியாக்க வேண்டுமானால் கலப்பு 77 சதவீதத்தைத் தொட வேண்டும்.

ஆடிக்காற்றின் கணக்கு

இனி முப்பந்தலுக்கு வருவோம். 100 யூனிட் காற்று மின்சாரத்தைத் தண்ணீரைப் பிரிக்கும் எலக்ட்ரோலைசரில் கொடுத்தால், கிலோவுக்கு 53 யூனிட் வீதம் சுமார் 1.9 கிலோ ஹைட்ரஜன் கிடைக்கும். 38 சதவீதத் திறனுள்ள தனி டர்பைனில் எரித்தால் திரும்ப வருவது 24 யூனிட். நீராவி டர்பைனும் சேர்ந்த நல்ல நிலையத்தில் 36, 37. அழுத்திச் சேமிக்கும் செலவை இதில் இன்னும் கழிக்கவில்லை. பகல் மிச்சத்தை இரவுக்குக் கொண்டுபோக இது வழியே அல்ல. பேட்டரியும், கடம்பாறை போன்ற நீரேற்று நிலையமும் இதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு திருப்பித் தரும். ஹைட்ரஜனுக்கு மிஞ்சும் ஒரே நியாயம், ஆடியில் எடுத்ததைத் தையில் எரிப்பது.

அதற்குச் சேமிப்பு வேண்டும். 30 மெகாவாட் டர்பைன் ஒரு மணி நேரம் ஓட 2.5 டன் ஹைட்ரஜன். சாலையில் போகும் 200 பார் டியூப் டிரெய்லர் ஒன்றில் 300 முதல் 400 கிலோ. அப்படியென்றால் மணிக்கு ஏழு லாரி. டெக்சாஸிலும் இங்கிலாந்தின் டீஸ்சைடிலும் நிலத்தடி உப்புப் படுகையைக் குடைந்து ஹைட்ரஜனை நிரப்பி வைக்கிறார்கள். நம் காலடியில் இருப்பது சார்னோகைட்டும் கோண்டலைட்டும், கெட்டிப் பாறை. மாதக்கணக்கில் சேமிப்பதற்கான மலிவு வழி இயற்கையாக இங்கே அமையவில்லை. எலக்ட்ரோலைசருக்கும், பழைய பாணி டர்பைனாக இருந்தால் சுடரைத் தணிக்கவும், மணிக்குப் பல டன் டிமின், அதாவது தாது நீக்கிய தண்ணீர் வேண்டும். பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரவில்லை என்று விவசாயிகள் ஒவ்வொரு கும்பப்பூ சாகுபடியிலும் முறையிடும் மாவட்டத்தில், அந்தத் தண்ணீர் கடலிலிருந்துதான் வர வேண்டும் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவைத்துவிடுவது நல்லது. ஆகவே முப்பந்தலில் ஹைட்ரஜன் டர்பைன் நிலையம் என்ற திட்டத்தை இன்றைக்கு என்னால் ஆதரிக்க முடியவில்லை.

ஆனால் கைவிடவும் வேண்டியதில்லை. ஹைட்ரஜன் ஏற்கெனவே கிடைக்கும் இடத்தில் தொடங்கலாம். இத்தாலியில் வெனிஸ் அருகே ஃபுசினாவில் 2010-ல் தொடங்கிய 12 மெகாவாட் ஹைட்ரஜன் டர்பைன், பக்கத்துப் பெட்ரோகெமிக்கல் ஆலைகளின் உபபொருளை எரித்தது. நமக்குப் பக்கத்தில் தூத்துக்குடிக் கடற்கரையில் உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுக்கும் தொழில் இருக்கிறது. ஒரு டன் காஸ்டிக் சோடாவோடு 25 கிலோ ஹைட்ரஜன் தானாகவே வரும். நாளைக்கு 300 டன் ஆலை என்றால் 7.5 டன் ஹைட்ரஜன்; பாய்லருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கும் போகாமல் அத்தனையும் கிடைத்தால், சின்ன டர்பைனில் சுமார் மூன்று மெகாவாட். புகைச் சூட்டில் எடுக்கும் நீராவி, 32 சதவீதக் காஸ்டிக்கை 50 சதவீதமாகச் சுண்டவைக்க அப்படியே உதவும். மூன்று மெகாவாட் அளவில் மைக்ரோமிக்ஸ் வகைப் பர்னருக்கு நாக்ஸும் அடங்கும்.

இப்படி ஒன்று வருமானால் கவனிக்க வேண்டியவை எரியறைக்கு வெளியே நிறைய. தொடக்கமும் நிறுத்தமும் இயற்கை எரிவாயுவில் நடப்பது பத்திரம். பற்றாமல் போன ஹைட்ரஜன் புகைக்குழாயில் தேங்கினால், 4 முதல் 75 சதவீதம் வரை எந்தக் கலவையிலும் அது வெடிக்கும். மீத்தேனுக்கு 5 முதல் 15 வரைதான். ஹைட்ரஜனை நிறுத்தியதும் பர்னர்களுக்கு வாயுவைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டுக் குழாயை நைட்ரஜனால் ஊதிக் காலி செய்ய (பர்ஜ்) வேண்டும். குழாய் 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கூடுமானவரை வெல்டிங். ஃப்ளேஞ்ச் ஒவ்வொன்றும் ஒரு கசிவிடம். அடைப்பு வால்வு இரண்டு, நடுவே வெளியேற்று வால்வு. மீத்தேனுக்குப் போட்ட ஐஐஏ என்ற வெடிவாயுப் பாதுகாப்பு வகை மின்சாதனங்களை அப்படியே விடக் கூடாது, ஐஐசி வகைக்கு மாற்ற வேண்டும். பகலில் ஹைட்ரஜன் சுடர் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே புறஊதாச் சென்சார் கட்டாயம். புகையில் நீராவி கூடுவதால் பிளேடுக்கு ஏறும் வெப்பமும் கூடும். உற்பத்தியாளர் எரிப்பு வெப்பநிலையைச் சற்று இறக்கித் தந்தால் சண்டை போட வேண்டாம், பிளேடின் ஆயுளுக்காகத்தான் அது.

காஸ்டிக் ஆலை ஹைட்ரஜனுக்கென்றே ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. மின்பகுப்புச் செல்லிலிருந்து வரும் வாயு ஈரம் ததும்பியிருக்கும், அதோடு காஸ்டிக் துளிகளும் மூடுபனி போல் ஏறி வரும். அதில் இருப்பது சோடியம். ஹைட்ரஜனில் கந்தகம் இல்லாவிட்டாலும் கடற்கரைக் காற்றில் உப்போடு கந்தகச் சேர்மங்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் சூடான பிளேடின்மேல் சோடியம் சல்ஃபேட் படிந்து பூச்சை அரிக்கும். வாயுவைத் தண்ணீரில் கழுவி, குளிர்வித்து, துளிகளைப் பிடிக்கும் டெமிஸ்டர் வழியே விட்டு, அதற்குப் பிறகுதான் கம்ப்ரசருக்கு அனுப்ப வேண்டும். டெமிஸ்டருக்குப் பின்னால் சோடியத்தைத் தொடர்ந்து சோதிக்க ஒரு மாதிரிக் குழாயையும் வரைபடத்திலேயே சேர்த்துவிட வேண்டும். ஆலை ஓடத் தொடங்கிய பிறகு அந்தக் குழாயை வெட்டிச் சேர்க்க ஹைட்ரஜன் லைனை முழுதாக நிறுத்திப் பர்ஜ் செய்ய வேண்டிவரும், செல்களையும் அதோடு நிறுத்த வேண்டியிருக்கும்.